சங்கத் தேர்தலில் சம்பள நேரம் யாருடையது?

(மைசூருவில் தொழிற்சங்க முன்னணி ஊழியர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தொழிற்சங்கத் தேர்தல்களில் எழும் தகராறுகள் பெரும்பாலும் வாக்குப்பெட்டியைப் பற்றியவை அல்ல. அவை பெட்டி வைக்கப்படுவதற்கு முந்தைய முப்பது, நாற்பது நாட்களைப் பற்றியவை. அந்நாட்களில் யார் எங்கே போனார், யாருடைய வண்டியில் போனார், அன்றைக்கு அவருக்குச் சம்பளம் கொடுத்தவர் யார் என்ற கேள்விகளே வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் புகார்க் கடிதங்களாக வந்து நிற்கின்றன. இவற்றுள் கடைசிக் கேள்வி மிகவும் கடினமானது. சங்கத்தின் சந்தாப் பணத்தில் சம்பளம் பெறும் ஊழியரோ, நிர்வாகத்தின் சம்பளத்தில் சங்கப் பணிக்காக விடுவிக்கப்பட்ட நிர்வாகியோ, அந்த நேரத்தில் ஒரு வேட்பாளருக்காக வாக்குக் கேட்கலாமா? கேட்டால் அதை விசாரிப்பவர் யார்? பரிகாரம் என்ன?

இக்கேள்வி மைசூருவுக்குப் புதியதல்ல. அசோகபுரம் ரயில்வே பணிமனை, பெமல் ஆலை, ரூபாய் நோட்டு அச்சகம், டயர் ஆலை, போக்குவரத்துக் கழகப் பணிமனைகள் என்று அமைப்பாகத் திரண்ட தொழிலாளர்கள் பெருவாரியாக உள்ள நகரம் இது. மைசூர் சமஸ்தான ரயில்வே 1951இல் தென்னக ரயில்வேயின் பகுதியானது. 2003 ஏப்ரல் 1 முதல் ஹூப்ளியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு ரயில்வேயின் கோட்டமாக மைசூரு விளங்குகிறது. இங்கே ஒரு தொழிலாளி இரண்டு வகையான தேர்தல்களில் வாக்களிக்கிறார். ஒன்று, தன் சங்கத்தின் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தல். மற்றொன்று, எந்தச் சங்கம் நிர்வாகத்துடன் பேச வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அங்கீகாரத் தேர்தல். ரயில்வேயில் 2007, 2013 ஆண்டுகளில் நடந்த இரகசிய வாக்கெடுப்புக்குப் பின், பதினோராண்டு இழுத்தடிப்பைத் தாண்டி, 2024 டிசம்பர் 4, 5, 6 தேதிகளில்தான் அடுத்தது நடந்தது. பதினோராண்டு என்பதைச் சற்று நிறுத்திக் கவனிக்க வேண்டும். அவ்வளவு காலம் அங்கீகாரம் பெற்ற சங்கத்துக்கு மட்டும் அலுவலக இடம், சிறப்புத் தற்செயல் விடுப்பு, பயண பாஸ், நிர்வாகத்துடன் பேச்சுவார்த்தை ஆகியவை கிடைத்து, எதிர்ச்சங்கத்தின் தோழர் ஒரு நாள் விடுப்புக்குக்கூட மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்து நின்றிருக்கிறார். வாக்குச்சீட்டு இரகசியமானதுதான், ஆனால் பந்தயத்தில் ஒருவர் ரயிலேறிவிட்டார், மற்றவர் நடைமேடையிலேயே நிற்கிறார்.

இரண்டு தேர்தல்களிலும் சம்பள நேரத்தின் பிரச்சினை ஒன்றே போலத் தோன்றும். உண்மையில் அவை வேறு. அங்கீகாரத் தேர்தலில் கேள்விக்குரியது முதலாளியின் பணம். உள்தேர்தலில் கேள்விக்குரியது உறுப்பினரின் பணம். முதலாவதைப் பற்றிப் பேசுவதில் தோழர்களுக்குத் தயக்கமில்லை. நிர்வாகம் ஒரு சங்கத்துக்குச் சார்பாக நடப்பது, பண உதவியோ பிற உதவியோ அளிப்பது, தானே ஒரு சங்கத்தை உருவாக்குவது ஆகியவை 1984 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தொழில் தகராறு சட்டத் திருத்தத்தின் ஐந்தாவது அட்டவணையிலேயே நியாயமற்ற தொழில் நடவடிக்கைகள் என்று பட்டியலிடப்பட்டன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 98ஆம் உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. இந்திய அரசு அதில் இன்றுவரை கையெழுத்திடவில்லை என்பது வேறு கதை. ஆனால் இரண்டாவதைப் பற்றி, அதாவது சொந்தச் சங்கத்தின் சொந்த ஊழியரைப் பற்றி, வாயைத் திறக்கப் பலரும் தயங்குகிறார்கள். இந்த உரையின் பெரும்பகுதி அந்தத் தயக்கத்தைப் பற்றியதே.

இந்தியச் சட்டத்தில் இக்கேள்விக்கு நேரான விடை இல்லை. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றோர் முன்னின்றனர். பின்னி நிறுவனம் நீதிமன்றம் சென்று, வேலைநிறுத்தத்தைத் தூண்டியதற்காக வாடியா மீது தடையாணை பெற்றது. சங்கம் நடத்துவதே சதி என்று கருதப்பட்ட அச்சூழலிலிருந்து தொழிலாளியைக் காக்க என்.எம். ஜோஷி முதலியோர் மேற்கொண்ட முயற்சியின் விளைவே 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். ஆகவே அதன் கவனம் முழுவதும் வெளியிலிருந்து வரும் தாக்குதலின் மீது இருந்தது. சங்க நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்பதை 15ஆம் பிரிவு சொன்னது. நிர்வாகிகளுக்குச் சம்பளமும் படியும் கொடுக்கலாம் என்பது அதில் முதல் இனம். கணக்குத் தணிக்கை செய்யப்பட வேண்டும், உறுப்பினர் கணக்கேட்டைப் பார்க்கலாம் என்பதை விதிகளில் சேர்க்கச் சொன்னது 6ஆம் பிரிவு. சம்பளம் வாங்கும் நிர்வாகி அந்தச் சம்பள நேரத்தில் தனக்கே வாக்குச் சேகரிக்கலாமா என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தேர்தல் தகராறைத் தீர்க்கும் அதிகாரம் பதிவாளருக்கும் அளிக்கப்படவில்லை. தோற்ற அணி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கு முடிவதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிடும். அதற்குள் சங்கமே இரண்டாகியிருக்கும்.

வேறு நாடுகளில் இது நடந்து, விசாரிக்கப்பட்டு, தீர்ப்பும் எழுதப்பட்டுவிட்டது. அவற்றுள் இரண்டு நிகழ்வுகள் இங்கே பயன்படும்.

முதலாவது பிரிட்டனில் நடந்தது. பொதுத்துறை ஊழியர்களின் சங்கமான யூனிசன், ஏறத்தாழ 13 லட்சம் உறுப்பினர்களைக் கொண்டது. 2015ஆம் ஆண்டின் இறுதியில் அதன் பொதுச்செயலாளர் தேர்தல் நடந்தது. பதவியிலிருந்த டேவ் பிரென்டிஸ் மீண்டும் போட்டியிட்டார். சங்கப் பணமும் சொத்தும் வசதியும் எந்த வேட்பாளருக்காகவும் பயன்படக்கூடாது என்று சங்கத்தின் தேர்தல் நடைமுறையே தெளிவாகச் சொல்லியிருந்தது. ஆயினும், அக்டோபரில் லண்டன் பிராந்தியத்தின் முழுநேர ஊழியர்கள் வேலைநேரத்தில் ஒரு கூட்டத்துக்கு அழைக்கப்பட்டார்கள். பதவியிலிருப்பவரின் வெற்றிக்காக வேலை செய்ய வேண்டும் என்று அங்கே பிராந்தியச் செயலாளர் பேசினார். பேச்சு ஒலிப்பதிவாகி வெளியே வந்தது. எதிர் வேட்பாளர்களும் உறுப்பினர்களும் புகார் செய்தனர். சங்கங்களின் தேர்தல் புகார்களை விசாரிக்கும் சட்டப்பூர்வ அலுவலகம் விசாரித்து, விதிமீறல் நடந்தது உண்மை என்று 2017இல் அறிவித்தது. ஆனால் மறுதேர்தலுக்கு உத்தரவிடவில்லை. பதிவான வாக்குகளில் ஏறத்தாழ பாதியை வெற்றியாளர் பெற்றிருந்தார். அடுத்தவர் வெகுதொலைவில் இருந்தார்.

இந்நிகழ்வில் பலரும் கவனிக்கத் தவறும் ஒன்றுண்டு. அக்கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? சங்கத்தின் ஊழியர்கள். அவர்களுக்கு எதிரே நின்று பேசியவர் யார்? அவர்களுடைய விடுப்பையும் பணியிடத்தையும் வேலை மதிப்பீட்டையும் தீர்மானிக்கும் மேலதிகாரி. சங்கம் அவர்களுக்கு முதலாளி. ஒரு தனியார் ஆலையில் மேலாளர் தொழிலாளர்களைக் கூட்டி, இந்த வேட்பாளருக்கு வேலை செய்யுங்கள் என்றால் அதற்கு இயக்கம் என்ன பெயர் சூட்டும்? மிரட்டல் என்று சூட்டும். அதே சொல் சங்க அலுவலகத்தின் சுவருக்குள் பேசப்படும்போது 'அமைப்பு முடிவு' என்று மாறிவிடுகிறது. எனவே சம்பள நேரத் தகராறில் பாதிக்கப்படுபவர் தோற்ற வேட்பாளர் மட்டுமல்ல. கட்டாயப்படுத்தப்பட்ட அந்த ஊழியரும் பாதிக்கப்பட்டவரே. அந்தத் தேர்தலில் பத்து உறுப்பினருக்கு ஏறத்தாழ ஒருவரே வாக்களித்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உறுப்பினர் தேர்தலில் ஆர்வம் இழக்கும் இடத்தில், சம்பளம் பெறும் சில நூறு பேரின் உழைப்பே முடிவைத் தீர்மானிக்கும் சக்தியாகிவிடுகிறது.

இரண்டாவது நிகழ்வு இன்னும் கசப்பானது, ஏனெனில் அதில் தவறு செய்தது இடதுசாரிகள் ஆதரித்த அணி. அமெரிக்காவின் டீம்ஸ்டர்ஸ் சங்கம் நெடுங்காலம் குற்றக் கும்பல்களின் பிடியில் இருந்தது. 1989இல் நீதிமன்ற ஒப்பந்தத்தின் பேரில் அங்கே நேரடித் தேர்தலும் தேர்தலைக் கண்காணிக்கத் தனி அதிகாரியும் வந்தன. 1991இல் சீர்திருத்த அணியின் ரான் கேரி வென்றார். 1996இல் ஜேம்ஸ் ஹோஃபாவின் மகனைச் சிறு வித்தியாசத்தில் தோற்கடித்தார். 1997 ஆகஸ்டில் யுபிஎஸ் நிறுவனத்தின் 1,85,000 தொழிலாளர்கள் அவர் தலைமையில் பதினைந்து நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, பகுதிநேர வேலைகளிலிருந்து 10,000 முழுநேர வேலைகளை உருவாக்க வைத்தார்கள். உலகம் முழுவதும் தொழிலாளர்கள் அவ்வெற்றியைக் கொண்டாடினார்கள். வேலைநிறுத்தம் முடிந்த சில நாட்களிலேயே, தேர்தல் அதிகாரி பார்பரா ஸாக் க்விண்டெல் 1996 தேர்தலை ரத்து செய்தார். சங்க நிதி வெளி அமைப்புகளுக்கு நன்கொடையாகச் சென்று, அதற்கு ஈடாகக் கேரியின் தேர்தல் நிதிக்குப் பணம் வந்து சேர்ந்தது நிரூபணமானது. அதே ஆண்டு நவம்பரில் கேரி மறுதேர்தலில் நிற்கவே தகுதியற்றவர் என்று கென்னத் கான்பாய் தீர்ப்பளித்தார். 1998இல் ஹோஃபாவின் மகன் வென்று, இருபதாண்டுகளுக்கு மேல் அப்பதவியில் அமர்ந்தார். பின்னர் 2001இல் பொய்சாட்சிக் குற்றச்சாட்டிலிருந்து கேரியை நடுவர் குழு விடுவித்தது. ஆனால் சங்கம் கைநழுவி நான்காண்டாகியிருந்தது.

எதிரியின் சதி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. முதலாளிகள் மகிழ்ந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் கையில் கத்தியைக் கொடுத்தது யார்?

அமெரிக்கச் சட்டம் முதலாளித்துவ அரசின் சட்டம்தான். 1959இல் அது சங்கங்களைக் கட்டுப்படுத்தவும் கம்யூனிஸ்டுகளைச் சங்கப் பதவிகளிலிருந்து விலக்கவும் பிறந்தது. அதனுள் இருக்கும் ஒரு பிரிவு மட்டும் உறுப்பினர்களின் அனுபவத்திலிருந்து வந்த ஒன்றைச் சொல்கிறது: சங்கத்தின் பணமும், எந்த முதலாளியின் பணமும், ஒருவரைச் சங்கப் பதவிக்குக் கொண்டுவரப் பயன்படக்கூடாது. எந்த முதலாளியும் என்றால், அந்த ஆலையின் முதலாளி மட்டுமல்ல. வேட்பாளரின் மைத்துனர் சிறு அச்சகம் நடத்துகிறார், நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறார், துண்டறிக்கையை இலவசமாக அடித்துத் தருகிறார் என்றால் அதுவும் முதலாளியின் பணமே. இதைக் கேட்கும்போது சிரிப்பு வரலாம். ஒப்பந்தக்காரர்களும் கேன்டீன் குத்தகைக்காரர்களும் பின்னின்று வேட்பாளர் நிறுத்தும் நம் ஆலைகளை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

சம்பள நேரத்தைப் பற்றி அச்சட்டத்தின் கீழ் எழுந்த விளக்கம் மூன்று கூறுகளைக் கொண்டது. சங்க நிர்வாகியும் சங்க ஊழியரும் உறுப்பினர் என்ற முறையில் எந்த அணிக்கும் வேலை செய்யலாம், அவ்வுரிமை பறிக்கப்படுவதில்லை. ஆனால் சங்கம் சம்பளம் கொடுக்கும் நேரத்தில் செய்யக்கூடாது. சங்கத்தின் காகிதம், தொலைபேசி, வாகனம் எதையும் தொடக்கூடாது. மூன்றாவது கூறே தகராறின் ஊற்றுக்கண்: வழக்கமான சங்கப் பணியின்போது தற்செயலாக நிகழும் வாக்குக் கேட்டல் மீறலாகாது. சந்தா வாங்கப் போன செயலாளரைப் பார்த்து ஒரு தொழிலாளி, மறுபடி நிற்கிறீர்களா என்று கேட்டால், ஆம், ஆதரவு தாருங்கள் என்று சொல்லாமல் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை. சந்தா வாங்கும் வேலை எதுவும் இல்லாத நாளில், வெற்றுப் பையுடன் பிரிவு பிரிவாகப் போனால்? அங்கேதான் விசாரணை தேவைப்படுகிறது. சம்பள நேரத்தில் நடந்த ஒரு சந்திப்பைப் பார்த்து, சங்கப் பணி முன்னே, வாக்குப் பணி பின்னே வந்ததா, அல்லது வாக்குப் பணிக்குச் சங்கப் பணி திரையாக மாட்டப்பட்டதா என்று கேட்க வேண்டும். சந்தா ரசீதுப் புத்தகம் அதற்கு விடை சொல்லும். அன்றைய தேதியில் எத்தனை ரசீது கிழிக்கப்பட்டது என்பதை எந்த வாய்ச்சாட்சியும் மாற்ற முடியாது.

எது மீறல் என்பது இவ்வளவு. மீறல் நடந்த பின் என்ன செய்வது என்பதில்தான் சங்கங்கள் திணறுகின்றன. ஒன்று, சிறு விஷயம் என்று தள்ளிவிடுகிறார்கள். அல்லது தேர்தலையே ரத்து செய் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனை ஆலையை எடுத்துக்கொள்ளலாம்.

1,200 உறுப்பினர் கொண்ட ஆலைச் சங்கம். வாக்களித்தவர்கள் 1,040 பேர். செயலாளர் பதவிக்கு, பதவியில் இருப்பவர் 541 வாக்கு, எதிர்த்தவர் 499 வாக்கு. வித்தியாசம் 42. சங்க அலுவலகத்தில் சம்பளம் பெறும் இரு ஊழியர்கள், நான்கு நாட்கள் பிற்பகலில் தலா மூன்று மணி நேரம், 260 வாக்காளர்கள் வேலை செய்யும் இரு பிரிவுகளில் பதவியிலிருப்பவருக்காக வாக்குக் கேட்டது நிரூபணமாகிறது. அவர்களுக்கு மாதம் 18,000 ரூபாய் சம்பளம். 26 நாள், எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 86 ரூபாய் 54 காசு. மொத்தம் 24 மணி நேரம். சங்கத்துக்கு ஏற்பட்ட நட்டம் 2,077 ரூபாய்.

பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, இரண்டாயிரம் ரூபாய்க்காகச் சங்கத்தைப் பிளப்பதா என்று கேட்பார். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அளவுகோல் ரூபாய் அல்ல. 22 பேர் மனம் மாறியிருந்தால் 521க்கு 519 என்று முடிவு தலைகீழாகியிருக்கும். 260 பேரிடம் சம்பள நேரத்தில் வாக்குக் கேட்கப்பட்டிருக்கிறது. அவர்களில் 22 பேர் அதனால் மாறினார்கள் என்று நிரூபிக்கத் தோற்றவரால் ஒருக்காலும் இயலாது. இரகசிய வாக்கெடுப்பில் யார் எப்படி வாக்களித்தார் என்று கேட்பதே குற்றம். எனவே முடிவை மாற்றியது என்ற சான்று கோரப்படக்கூடாது. மாற்றியிருக்கக்கூடும் என்பது போதும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1968இல் நியூயார்க் ஓட்டல் தொழிலாளர் சங்க வழக்கில் இதையே ஏற்றது: மீறல் நிரூபணமானால் அது முடிவைப் பாதித்திருக்கக்கூடும் என்று முதற்கண் கொள்ளப்படும், பாதிக்கவில்லை என்று காட்டும் சுமை மறுபக்கத்துக்கு மாறும். நமது கற்பனை ஆலையில் அந்தச் சுமையை வென்றவரால் தூக்க முடியாது. செயலாளர் பதவிக்கு மட்டும் மறுதேர்தல் நடத்த வேண்டும். மற்ற பதவிகளின் முடிவு நிற்கலாம்.

அதே மீறல், ஆனால் முடிவு 700க்கு 340 என்று இருந்தால்? முடிவு மாற 181 பேர் மாற வேண்டும். பிரச்சாரம் நடந்த இடத்தில் இருப்பவர்களே 260 பேர்தான். அங்கே பத்துக்கு ஏழு பேர் நான்கு பிற்பகல்களில் கட்சி மாறினார்கள் என்று கருத எந்த நியாயமும் இல்லை. மறுதேர்தல் வேண்டாம். ஆனால் தீர்ப்பு அதோடு முடிந்துவிடக்கூடாது. 2,077 ரூபாய் சங்கத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த இரு ஊழியர்களின் சம்பளத்தில் பிடிப்பது அநீதி. அவர்களை அனுப்பியவர் கட்ட வேண்டும். தீர்ப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். பணத்தைவிட இந்த ஒட்டுதலே தலைவர்களுக்கு அதிகம் உறைக்கும்.

தேர்தலுக்கு முன்பே புகார் வந்தால் பரிகாரம் இன்னும் எளிது. டீம்ஸ்டர்ஸ் தேர்தல் விதிகள் மீறலை அறிந்த இரண்டு வேலைநாட்களுக்குள் புகார் செய்யச் சொல்வதன் பொருள் இதுவே. வாக்குப்பதிவுக்கு இருபது நாள் முன்பு ஒரு மீறல் பிடிபட்டால், நிறுத்து என்று உத்தரவிட்டு, அதே இரு பிரிவுகளில் எதிர் வேட்பாளரின் கடிதத்தைச் சங்கச் செலவில் ஒவ்வொருவருக்கும் கொடுக்கலாம். சாய்ந்த தராசு நேராகிவிடும். புகாரை மடியில் கட்டிக்கொண்டு, தோற்றால் எடுப்போம், வென்றால் மறப்போம் என்று இருப்பவருக்கு இடமே இருக்கக்கூடாது. இதில் எதிரணிகளும் புனிதர்கள் அல்ல என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

இத்தனைக்கும் எதிராகத் தோழர்கள் எழுப்பும் ஆட்சேபங்களில் ஒன்று பலமானது. முழுநேர ஊழியருக்கு ஏது நேரம்? காலை ஆறு மணி ஷிப்ட் வாயிலில் நிற்கிறார், இரவு பதினொரு மணிக்கு மருத்துவமனையில் நிற்கிறார். மாதம் கிடைக்கும் சொற்ப அலவன்சை நேரத்துக்கு வகுத்தால் மணிக்குப் பத்து ரூபாய்கூட வராது. அவரிடம் போய், இது சங்க நேரம், இது உன் நேரம் என்று கோடு கிழிப்பதா? உணர்ச்சியளவில் இது நியாயமானது. ஆனால் அதன் தர்க்கம் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஒருவருடைய நாள் முழுவதும் சங்கத்துடையது என்றால், அவர் தேர்தல் பணியில் செலவிடும் ஒவ்வொரு மணியும் சங்கத்தின் மணியே. எதிரணிக்கு அப்படியொரு முழுநேர ஊழியர் இல்லை. எனவே முழுநேர ஊழியர் பிரச்சாரத்துக்குப் போக விரும்பினால், வேட்புமனு நாளிலிருந்து வாக்குப்பதிவு வரை எழுத்துப்பூர்வமாக ஊதியமில்லா விடுப்பில் போக வேண்டும். போகாதவர் சங்கப் பணியை மட்டும் பார்க்க வேண்டும். வேட்பாளராக நிற்கும் நிர்வாகிக்கும் இதுவே பொருந்தும். அந்நாட்களில் அவசரப் பேச்சுவார்த்தை வந்தால் அதற்கு மட்டும் பணியில் சேர்ந்து, பதிவேட்டில் எழுதி, மீண்டும் விடுப்பில் போகலாம்.

இன்னோர் ஆட்சேபம், வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவந்தால் நிர்வாகம் பார்த்துச் சிரிக்கும் என்பது. இதற்கு இன்று சட்டமே விடை சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 21இல் ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்திய தொழில் உறவுகள் தொகுப்பின் 22ஆம் பிரிவு, நிர்வாகிகள் தேர்தல் பற்றி உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் எழும் தகராறைத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம் என்கிறது. உரிமையியல் நீதிமன்றங்களின் கதவு மூடப்படுகிறது. அத்தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினர் ஒருவரும் நிர்வாகத்துறை உறுப்பினர் ஒருவரும் இருப்பார்கள். இரண்டாமவர் அரசு அதிகாரி வர்க்கத்திலிருந்து வருபவர். 51 விழுக்காடு தொழிலாளர் ஆதரவு பெற்ற சங்கமே தனித்துப் பேசவல்ல சங்கம் என்று 14ஆம் பிரிவு வகுத்திருக்கும் நிலையில், ஒரு சங்கத்தின் தேர்தலே வழக்கில் சிக்கினால் அதன் சார்பில் கையெழுத்திடுபவர் யார் என்ற கேள்வியை நிர்வாகம் எழுப்பும். ஊதிய ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப்போகும். தொகுப்புகளை எதிர்த்து 2025 ஜூலை 9இல் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்த இயக்கம், தன் சொந்தத் தேர்தல் புகாரைத் தானே தீர்க்க இயலாமல் அதே தொகுப்பின் தீர்ப்பாயத்தில் போய் நிற்பது எப்படியிருக்கும் என்று எண்ணிப்பார்க்க வேண்டும். தெருவுக்கு வருவது தகராறினால் அல்ல. வீட்டுக்குள் தீர்க்க வழி இல்லாததால்.

அந்த வழியை அமைப்பதில் கட்சி உறுப்பினருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. தொழிற்சங்கம் வெகுஜன அமைப்பு. அதில் கட்சி உறுப்பினர் சிறுபான்மையினர். எந்தக் கட்சியும் சாராதவர், வேறு கட்சிக்கு வாக்களிப்பவர், கோயில் திருவிழாவுக்கு முதல் ஆளாய் நிற்பவர் எல்லாம் சந்தா கட்டுகிறார்கள். கட்சிக் கிளை கூடி ஒரு வேட்பாளரை ஆதரிக்க முடிவெடுக்கலாம். அம்முடிவு கட்சி உறுப்பினரைக் கட்டுப்படுத்தும். சங்க அலுவலகத்தில் கணக்கு எழுதும் ஊழியரின் வேலைநேரத்தைக் கட்டுப்படுத்த அதற்கு அதிகாரம் இல்லை. அந்த ஊழியரே கட்சி உறுப்பினராக இருந்தாலும், மாலை ஐந்தரை மணிக்குப் பின்னரே கிளையின் முடிவு அவரை வந்தடைகிறது. புகாரை விசாரிக்கும் குழுவும் கிளையின் மறுபிரதியாக இருக்கக்கூடாது. வேட்பாளர் அல்லாத, சங்கத்தில் சம்பளம் வாங்காத மூவரை, தேர்தல் அறிவிப்புக்கு முன்பே பொதுக்குழு தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பதவியிலிருக்கும் அணிக்கு வெளியிலிருந்து வரவேண்டும். ஓய்வுபெற்ற தொழிலாளர்களில் இதற்குத் தகுந்தவர்கள் ஒவ்வோர் ஆலையிலும் இருக்கிறார்கள். பழைய போராட்டங்களில் பெயர் பெற்று, இனிப் பதவி எதுவும் வேண்டாதவர்கள்.

குழுவுக்கு ஏழு நாட்களில் தீர்ப்புச் சொல்லும் கடமை இருக்க வேண்டும். புகாரளித்த ஊழியரை இடம் மாற்றவோ வேலைநீக்கவோ ஆறு மாதத்துக்குத் தடை வேண்டும். அந்த ஒலிப்பதிவை வெளியே கொண்டுவந்த லண்டன் ஊழியர் போன்ற ஒருவர் இங்கே இருந்தால், அவருக்கு முதலில் தேவைப்படுவது இதுதான். நிர்வாகம் சம்பளம் கொடுத்து விடுவிக்கும் நேரத்தைப் பொறுத்தவரை, ஒரே விதி போதும்: உள்தேர்தலுக்கு அந்நேரம் ஒரு நிமிடமும் பயன்படக்கூடாது. அங்கீகாரத் தேர்தலில், எல்லாச் சங்கங்களுக்கும் சமமாகக் கொடுத்தால் பெறலாம். தமக்கு மட்டும் கொடுத்தால், அது தம் சங்கமேயானாலும், மறுக்க வேண்டும். இந்த இறுதிப் பகுதியைக் கேட்டு முகம் சுளிக்கும் தோழர்கள் உண்டு. 2024 டிசம்பரில் தென்னக ரயில்வேயில் தட்சிண ரயில்வே எம்ப்ளாயீஸ் யூனியன் மீண்டும் அங்கீகாரம் பெற்றது, பல ஆண்டுகள் அவ்வசதிகள் எதுவும் இல்லாமல், தோழர்கள் தங்கள் சொந்த விடுப்பிலும் ஷிப்ட் முடிந்த பின்னரும் லைன் லைனாக நடந்ததால்தான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

எஞ்சியிருப்பது சாப்பாட்டுக் கேள்வி. ஊதியமில்லா விடுப்பில் போகும் முழுநேர ஊழியரின் வீட்டில் அந்த முப்பது நாளும் அடுப்பு எரிய வேண்டும். அதற்கான பணம் சங்கத்திலிருந்து வரக்கூடாது, ஒப்பந்தக்காரரிடமிருந்தும் கடைக்காரரிடமிருந்தும் வரக்கூடாது. அவரை ஆதரிக்கும் உறுப்பினர்கள் ஆளுக்கு இருபது, ஐம்பது என்று கொடுக்க வேண்டும். கொடுத்தவர் பெயரும் தொகையும் எழுதிய நோட்டு, வாக்குப்பதிவு முடிந்த பத்து நாளுக்குள் அந்த மூவர் குழுவிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். எந்த உறுப்பினர் கேட்டாலும் குழு அதைக் காட்ட வேண்டும்.